மயிலாத்தாள் கையிலிருந்த சீட்டுகள்

என் மனைவி மயிலாத்தாளை ஐஸ் பெட்டிக்குள் வைத்த பிறகு அவளுக்கும் சேர்த்துத்தான் சீட்டுப் போட்டார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். இழவு வீட்டில் எடுக்கிறவரைக்கும் ஒட்டாட்டம் ஆட வேண்டும். இறந்தவருக்கும் ஒரு கை உண்டு.

பெட்டியையும் சாமியானாவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கொண்டுவருகிற தாமோதரனே சீட்டுக்கட்டையும் கொண்டுவந்துவிடுவான். கடைசியில் ஏற்றிப் போகிற வண்டியும் அவனுடையதுதான். பெட்டியின் ஒயரைச் சொருகினான். கண்ணாடியைத் துண்டால் துடைத்தான். பிறகு கண்ணாடியின் மேலேயே வைத்துச் சீட்டைக் கலைத்தான்.

"கலைக்கற சத்தம் அவங்களுக்குக் கேக்கோணுமுங்க," என்றான்.

ஒட்டாட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் ராஜா, ராணி கிடையாது. ஒவ்வொரு சீட்டிலும் ஏதாவது ஒன்றின் படம் இருக்கும். ஒன்றில் ஏணி. ஒன்றில் தயிர். ஒன்றில் சாமியார். நடுவில் ஒரு சீட்டைத் திருப்பி வைப்பார்கள். முறை வந்தவர் தன் கையிலிருந்து ஒன்றை அதன்மேல் போட்டு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள் 'ஒட்டுது' என்றால் சீட்டு அங்கேயே கிடக்கும். யாராவது ஒருவர் 'ஒட்டலை' என்றாலும் போதும், போட்ட சீட்டு கைக்குத் திரும்பிவிடும். போட்டவர் தன் சீட்டுக்குத் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள்கூட ஆடுவார்கள்.

இன்னொரு விதியும் இருக்கிறது. இறந்தவரின் கை காலியானதும் எடுத்துவிடுவார்கள்.

இறந்தவரோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் அவருடைய சீட்டை ஆட வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்று காலை மயிலாத்தாளும் நானும்தான் இட்லி சாப்பிட்டோம். சட்னியில் உப்புப் போதும் என்று நான் சொன்னேன். போதாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள். தட்டில் பாதி இட்லி இருந்தது.

ஆகவே அவளுடைய ஏழு சீட்டுகளையும் தாமோதரன் என்னிடம் கொடுத்தான்.

என் கணக்கு எளிமையானது. ஒரு சீட்டும் ஒட்டாவிட்டால் அவளை எடுக்க முடியாது. அவளை எடுக்க விடக் கூடாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பாதி இட்லியோடு ஒருத்தியை எப்படி அனுப்புவது? என்னால் முடியாது. சும்மா உளறினால் போதும் என்று நினைத்தேன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஏலம் கூறியே தலை நரைத்தவன் நான். வாயில் வந்ததைச் சொல்வது எனக்குப் பெரிய காரியமில்லை.

வட்டத்தில் என்னோடு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மயிலாத்தாளின் அண்ணன் சென்னியப்பன், என் மச்சான். பக்கத்து வீட்டு நல்லசிவம். அவர் மனைவி ராயம்மாள். மற்ற உறவுக்காரர்கள் எல்லாம் சுற்றி நாற்காலிகளில் இருந்தார்கள். தாமோதரன் ஏணியை நடுவில் திருப்பி வைத்தான். முதல் முறை எனக்கு.

நான் தயிரைப் போட்டேன்.

"ஏணிக்கும் தயிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றேன்.

எல்லோரும் யோசித்தார்கள். நல்லசிவம் தொண்டையைக் கனைத்தார்.

"அதானுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லீங்கறதுதான் அதுகளுக்குள்ள இருக்கற சம்பந்தம். ஒட்டுதுங்க."

"ஒட்டுதுங்க," என்றார் மச்சான்.

"ஒட்டுதுங்க," என்றது சாமியானா முழுவதும்.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் சாதாரண நாளிலேயே முகத்துக்கு நேராக மறுத்துப் பேச மாட்டார்கள். இழவு வீட்டில், அதுவும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம், 'நீ சொல்றது தப்பு' என்று யார் சொல்வார்கள்? அவர்களை வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த முறை வந்தது. நடுவில் நாற்காலி கிடந்தது. என் கையில் மைல்கல் இருந்தது. கொஞ்சம் கோபமூட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

"நம்ம நல்லசிவம் நாற்காலில உக்காந்தா அவருதான் மைல்கல்லு. யார் வந்தாலும் போனாலும் நகரமாட்டாரு," என்றேன்.

நல்லசிவத்துக்குக் கோபமே வரவில்லை. சிரித்தார். "நெசந்தானுங்க. ஒட்டுதுங்க," என்று சொல்லிக்கொண்டே மைல்கல்லாகிவிட்டார். தலை மஞ்சளாகவும் உடம்பு வெள்ளையாகவும் நன்றாகவே இருந்தார். நெஞ்சில் கறுப்பு எழுத்தில் 'மின்மயானம் 5 கி.மீ.' என்று இருந்தது.

ராயம்மாள் முந்தானையை நனைத்து அவர் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

"வெயில் படாம நகத்தி வையுங்க. பெயின்ட் வெளுத்துப் போயிரும்," என்றாள்.

நான்கு பேர் சேர்ந்து அவரைச் சாமியானா நிழலுக்கு நகர்த்தினார்கள். அவருடைய சீட்டுகளை ராயம்மாள் தன் கையோடு சேர்த்துக்கொண்டாள். தீர்ப்பு மட்டும் அவரே சொன்னார். குரல் கல்லுக்குள்ளிருந்து வந்தாலும் மரியாதை குறையவில்லை.

பிறகு நான் குடையைப் போட்டேன். நடுவில் வாழைப்பழம்.

"வாழைப்பழத்தை உரிச்சா உள்ளே குடை இருக்கும்."

"ஒட்டுதுங்க."

பந்தக்காலில் கட்டியிருந்த தாரிலிருந்து ஒருவர் பழத்தைப் பிய்த்து உரித்தார். உள்ளே கறுப்புக் குடை இருந்தது. விரித்துப் பார்த்தார். "சின்னதா இருக்குதுங்க. கொழந்தைகளுக்கு ஆகும்," என்று மடக்கி ஓரமாக வைத்தார். மைல்கல்லில் தூரம் நாலு ஆகியிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சீட்டு ஒட்டும்போதும் மயானம் கிட்டத்தில் வருகிறது.

இவர்களை மறுத்துச் சொல்ல வைக்க வேண்டும் என்றால் அடிமடியிலேயே கை வைக்க வேண்டும். நடுவில் கோவில் மணி வந்தது. நான் திருடனைப் போட்டேன். மச்சானின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மாரியம்மன் கோவில் மணியைத் திருடுனது எங்க மச்சான்தான்."

மச்சான் கோவில் கமிட்டித் தலைவர். நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். பிறத்தியார் தோட்டத்துத் தேங்காய் தன் வாசலில் உருண்டு வந்தாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவர் கண்ணை மூடி யோசித்தார். சொல்லப்போகிறார், 'ஒட்டலை' என்று சொல்லப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க," என்றார். "ஒட்டுதுங்க."

சொல்லிவிட்டு வேட்டி மடிப்புக்குள் கைவிட்டு மணியை வெளியே எடுத்தார். "எப்ப எடுத்தேன்னே தெரியலீங்க," என்று மடியில் வைத்துக்கொண்டார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்ல அடித்தது.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றினார்கள். "எடுத்த பொறகு கூட்டீட்டுப் போறமுங்க, அவசரமில்லீங்க," என்று பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ராயம்மாள் அவர்களுக்கும் காபி கொடுத்தாள்.

அடுத்த முறை நான் வாயே திறக்கவில்லை. கையில் கன்றுக்குட்டி இருந்தது, நடுவில் தபால்பெட்டி. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

"பாவம், மனுசனுக்குப் பேச்சு வரலை," என்றாள் ராயம்மாள். என் விரலிடுக்கிலிருந்து கன்றுக்குட்டியை மெதுவாக உருவிப் போட்டாள். "நானே சொல்லீர்றனுங்க. ரெண்டுக்கும் வாயி ஒண்ணு. எதைப் போட்டாலும் முழுங்கும்."

"ஒட்டுதுங்க."

தெருமுனையில் தபால்பெட்டி 'அம்மா' என்று கத்தியது. யாரோ எழுந்து போய் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்கள்.

கையில் இரண்டே சீட்டு. மைல்கல்லைப் பார்க்கப் பயமாக இருந்தது. சட்டென்று ஒரு சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. ராயம்மாள் எனக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளரை எடுத்தேன். டம்ளருக்கு அடியில், தட்டில், அந்தச் சீட்டு இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி.

"இது உங்களுதுங்களா?" என்றாள்.

"என்னுது இல்லை. எனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லை!" என்று கத்தினேன்.

நடுவில் சாமியார் கிடந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"ஆமாங்க," என்றார் மச்சான், கண் கலங்கியபடி. "கண்ணாடில பாத்துட்டு, 'எனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லை'ன்னு சொல்றவருதானுங்க சாமியாரு. ரொம்பப் பெரிய வார்த்தை சொல்லீட்டீங்க மாப்ள. ஒட்டுதுங்க."

மணி அடித்தது. சாமியானாவில் பாதிப் பேர் அழுதார்கள். மைல்கல்லில் ஒன்று என்று இருந்தது. ரேஷன் கடைக்கு அந்தப் பக்கம் மயானத்தின் புகைபோக்கி தெரிந்தது. அங்கே நேற்று வரைக்கும் சைக்கிள் கடை இருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று கும்பிட்டேன்.

"உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். நான் சொன்னதெல்லாம் உளறல். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒட்டலைன்னு சொல்லுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். செருப்பைத் தேடுகிற மாதிரி சிலர் குனிந்தார்கள்.

"எழவு வீட்ல எப்படீங்க அப்படிச் சொல்றது?" என்றார் மச்சான். "நீங்க சொன்னது எல்லாமே சரீங்க மாப்ள. உக்காருங்க."

"உக்காருங்க," என்றார் மைல்கல்.

உட்கார்ந்தேன். என்ன கிரகம் இது என்று தலையில் அடித்துக்கொண்டேன். இவர்களில் ஒருவர் என்னை ஒருமுறை பளாரென்று அறைந்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மச்சான் தன் முறைக்கு உப்பு ஜாடிச் சீட்டைக் கண்ணாடிச் சீட்டின்மேல் போட்டார். "ரெண்டும் மழைக்காலத்துல வேர்க்குமுங்க," என்றார். ஒட்டியது. என் கையில் மிச்சமிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

சாவி.

உப்பு ஜாடி, சாவி. அந்த இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பெட்டிக்குள் இருந்தாள். அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். அதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒட்டிவிடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லசிவம் கல்லானபோதே உறைத்திருக்க வேண்டும். இங்கே ஒட்டுவதெல்லாம் உண்மையாகிவிடுகிறது. உளறித் தோற்கப் பார்த்தேனே தவிர, உளறி ஜெயிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப்போல் ஒரு முட்டாள் இருக்க மாட்டான். சாவியைத் தட்டிப் போட்டேன். ஏலம் கூறுகிற குரலிலேயே சொன்னேன்.

"இந்தச் சாவியைப் போட்டுத் திருகினா இந்த ஐஸ் பெட்டி திறக்கும். மயிலா எந்திரிச்சு வருவா. வந்து உப்புப் போட்டுச் சோறாக்குவா."

சாமியானாவே விம்மியது.

"ஒட்டுதுங்க," என்றார் மச்சான்.

"ஒட்டுதுங்க," என்றாள் ராயம்மாள். எழுந்து அரிசி களையப் போனாள்.

"ஒட்டுதுங்க," என்றார்கள் போலீஸ்காரர்கள்.

தாமோதரன் பெட்டியின் பக்கம் திரும்பினான். நானும் திரும்பினேன். உள்ளேயிருந்து மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக்.

"ஒட்டலீங்க."

மயிலாத்தாளின் குரல்தான். அதே குரல். காலையில் பாதியில் நின்ற குரல்.

"பெட்டிக்குப் பூட்டே இல்லையே, அப்பறம் சாவி என்னத்துக்குங்க? நான் என்னைக்குங்க சோத்துக்கு உப்புப் போட்டேன்? உங்களுக்கு எத்தனை வருசம் ஆக்கிப் போட்டேன், அதுகூடத் தெரியாதுங்களா?"

சாமியானா திகைத்துப் போனது. அவள் பேசியதற்காக இல்லை. இப்படிப் பட்டென்று மறுத்துச் சொல்லிவிட்டாளே என்றுதான்.

"சின்னதுலருந்தே அவ அப்படித்தானுங்க," என்றார் மச்சான், கூச்சத்தோடு. "மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள."

மனசில் வைத்துக்கொள்வதா? எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. தாமோதரன் சாவியை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். விதி விதிதான். கை காலியாகவில்லை. மைல்கல்லைப் பார்த்தேன். மூன்று. புகைபோக்கியைக் காணோம். சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து வரவில்லை. பரவாயில்லை. பேசுகிறாளே. அது போதும்.

மறுபடியும் போட்டேன். "உப்பு ஜாடியைச் சாவியால தட்டினா மழை வரும்."

"ஒட்டலீங்க. அப்படி வர்றதுன்னா நம்ம கெணறு ஏனுங்க வத்துது?"

மறுபடியும். "உன்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீ ஒரு கையில சாவியும் ஒரு கையில உப்பு ஜாடியும் வெச்சுட்டு நின்னே."

"ஒட்டலீங்க. நீங்க எங்க என்னைப் பாக்க வந்தீங்க? உங்க அண்ணனுக்குத்தானே பாக்க வந்தீங்க. நீங்க சும்மா கூட வந்து மூணு வடை தின்னீங்க."

"ரெண்டு," என்றேன்.

"மூணு."

"மூணுதானுங்க," என்றார் மச்சான், மணியோடு.

சைக்கிள் கடைக்கு அப்பால் புதிதாக ஒரு தெரு முளைத்தது. அதற்கப்பால் ஒரு பஸ் ஸ்டாப். மைல்கல்லில் ஒன்பது, பதினொன்று என்று தூரம் ஏறிக்கொண்டே போனது. நான் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். நான் வாங்கித் தந்த சேலை ஒன்றும் அவளுக்குப் பிடித்ததில்லையாம். நான் குறட்டை விடுவேனாம். என் அம்மா செத்தபோது நான் அழுததைவிட அவள் அதிகம் அழுதாளாம். ஒன்றுகூட ஒட்டவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இப்படியே ஆடிக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் வேண்டுமானால் வீட்டுக்குப் போகட்டும். பெட்டி வாடகையை மாசாமாசம் கொடுத்துவிடலாம்.

"சாவியை உப்புல ஊற வெச்சாப் பூட்டு முளைக்கும்," என்றேன்.

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"ஒட்ட... லீங்க."

"ஏன் மயிலா? ஏன் ஒட்டலை? காரணம் சொல்லு."

"குளிருதுங்க."

கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படிந்திருந்தது. துடைத்தேன். போகவில்லை. பனி என் பக்கம் இல்லை, அவள் பக்கம்.

"தாமோதரா, குளிரைக் குறைப்பா."

"குறைச்சா ஒடம்பு தாங்காதுங்க."

ஜமுக்காளத்தை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினேன்.

"பெட்டிக்குப் போத்துனா எனக்கு எப்படீங்க சூடேறும்?" என்றாள். அப்போதும் அவள் சொன்னதுதான் சரி. பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுட்டே ஊரச் சுத்தறீங்க. சொல்லீடுங்க. பல்லெல்லாம் கிட்டிக்கிட்டு வருது."

"சொன்னா ஒட்டிருமே மயிலா."

"ரொம்பக் குளிருதுங்க."

அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை. வெறும் வயிற்றோடு தறி ஓட்டிய காலத்தில்கூடப் பசிக்கிறது என்று ஒரு தடவைதான் சொல்வாள். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மச்சான்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்.

உப்பு ஜாடிமேல் சாவியை வைத்தேன். பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நமக்குள்ள சண்டை வந்தா நீ கவுந்தப்பாடிக்கு உங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவே. வீட்டைப் பூட்டிட்டு, பொறவாசல் மாடத்துல இருக்கற உப்பு ஜாடிக்குள்ள சாவியைப் போட்டுட்டுப் போவே. அடுத்தவங்க வீட்டு உப்புல யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு சொல்லுவே. நான் மண்டில இருந்து வந்து நேரா ஜாடிக்குள்ளதான் கையை விடுவேன். சாவி இருந்தா நீ திரும்பி வந்துருவேன்னு அர்த்தம். வராம இருக்கறவ சாவியைக் கையோட கொண்டு போயிருவா. எத்தனையோ தடவை போயிருக்கறே. ஒரு தடவைகூட சாவி இல்லாம இருந்ததில்லை."

சொல்லிவிட்டு, ஜமுக்காளத்தை விலக்கிக் கண்ணாடியில் காதை வைத்தேன்.

ஏதாவது சொல், மயிலா. ஒரு தடவை சாவி இல்லை என்று சொல். மாடத்தில் இல்லை, அடுப்படியில் என்று சொல். வடை மூன்று என்று சொல்.

கண்ணாடியின் குளிர் காதைச் சுட்டது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பனி படியாத ஓர் ஓரத்தின் வழியாகப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். சண்டை முடிந்துவிட்டால் அப்படித்தான் படுப்பாள்.

"ஒட்டுதுங்க," என்றார் மச்சான், யாருக்கும் கேட்காத குரலில்.

எல்லோரும் சொன்னார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

எடுத்தார்கள். மைல்கல்லில் சைபர் என்று இருந்தது. மயானம் எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றது. வண்டியே தேவைப்படவில்லை. ஆனாலும் கொண்டுவந்தாயிற்றே என்று தாமோதரன் அவளை ஏற்றி ஸ்டார்ட் செய்தான். முன்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. இறக்கினார்கள். இரும்புக் கதவு திறந்தது. மூடியது. உள்ளே சூடாகத்தான் இருக்கும் என்று ராயம்மாள் என்னிடம் சொன்னாள். அவள் ஆறுதலுக்காகச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினான். சீட்டுகளைப் பொறுக்கி எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"ஒரு சீட்டுக் குறையுதுங்க."

"எது?"

"சாவீங்க. நடுவுலதானே கெடந்துச்சு."

ஜமுக்காளத்தை உதறினார்கள். மணிக்குள் பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்கள். வாழைப்பழக் குடையை விரித்து ஆட்டினார்கள். எங்கும் இல்லை.

நான் புறவாசலுக்கு ஓடினேன். மாடத்தில் உப்பு ஜாடி இருந்தது. கையை உள்ளே விட்டேன். கல்லுப்பு. மணிக்கட்டு வரைக்கும் போனது. இன்னும் உள்ளே விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. ஜாடி என் ஒரு சாண்தான் உயரம். நான் பொருட்படுத்தவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் வரைக்கும் விட்டேன். விரலை விரித்துத் துழாவினேன். உப்புத்தான். கீழே கீழே உப்புத்தான்.

எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். நல்லசிவத்தையும் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இருக்குதா?" என்று கேட்டேன். "மச்சான், சொல்லுங்க. சாவி இருக்குதா?"

"இருக்குதுங்க மாப்ள," என்றார் மச்சான். மணி அடித்தது.

"இருக்குமுங்க. இல்லாம எங்க போகுது," என்றாள் ராயம்மாள்.

"இருக்குதுங்க," என்றார்கள் போலீஸ்காரர்கள்.

நான் மைல்கல்லைத் திரும்பிப் பார்த்தேன். அதில் 'ஜாடியின் அடி 12 கி.மீ.' என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பதினான்கு ஆனது.

"பக்கந்தானுங்க," என்றார் நல்லசிவம். "இன்னுங் கொஞ்சம் கைய விடுங்க."

பதினேழு.

"இல்லைன்னு யாராவது சொல்லுங்க," என்றேன். யாரும் சொல்லவில்லை. நான் கையை இன்னும் உள்ளே விட்டேன்.